மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்திரிப் பெட்டி, கீசர், மிக்ஸி என எந்தச் சாதனத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் "230 வோல்ட், 1000 வாட்" என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு எண்களிலிருந்து சாதனம் எடுக்கும் மின்னோட்டம், அதன் மின்தடை, அதற்குப் போட வேண்டிய வயரின் தடிமன், அது தின்னும் யூனிட் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டுவிடலாம். மாணவர்களும் வீட்டு வயரிங்கைக் கவனிப்பவர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான தவறுகள் பெருக்கலிலோ வகுத்தலிலோ நேர்வதில்லை. எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்தம், அதே பகுதியில் அதே நேரத்தில் ஓடிய மின்னோட்டம் எவ்வளவு என்பதைக் கவனிக்காமல் எண்களைப் பொருத்துவதால்தான் நேர்கின்றன.

அடிப்படை வாய்பாடுகள் எத்தனை?

இரண்டுதான். ஒரு பொருளின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்தத்தை அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அதே மின்னழுத்தத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். 12 வோல்ட் பேட்டரியுடன் இணைத்த ஒரு கம்பிச்சுருளில் 1.5 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது என்றால், அதன் மின்தடை 12 ÷ 1.5 = 8 ஓம்; அதில் வெப்பமாக மாறும் மின்திறன் 12 × 1.5 = 18 வாட்.

பாடநூலில் காணும் மற்ற இரண்டு வாய்பாடுகளும் இவற்றிலிருந்து பிறந்தவை. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினாலும், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தாலும் மின்திறனே கிடைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1.5 × 1.5 × 8 என்பதும் 18. 12 × 12 ÷ 8 என்பதும் 18.

மில்லி ஆம்பியரில் அளந்தால் என்ன செய்வது?

ஆம்பியருக்கு மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது. 9 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்றால் 9 ÷ 0.020 = 450 ஓம். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் நேரடியாக வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும் (0.45 கிலோ ஓம்) என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மாற்றும் வேலை மிச்சம்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுப்பதுதான் ஓம் விதியா?

இல்லை. அந்த வகுத்தல் மின்தடையின் வரையறை. எந்தப் பொருளுக்கும் எந்த நிலையிலும் அதைச் செய்யலாம். வெப்பநிலை மாறாதிருக்கும்போது சில பொருள்களில், குறிப்பாக உலோகங்களில், மின்னழுத்தத்தை எவ்வளவு மாற்றினாலும் அந்த வகுத்தலின் விடை மாறாமல் இருக்கிறது என்பதே விதி.

இதைக் கண்டறிய ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் பட்ட பாடு அறியத்தக்கது. அவர் காலத்து வோல்ட்டா வகை மின்கலங்கள் பயன்படுத்தும்போதே வலுவிழந்தன. மின்னழுத்தம் தானாகவே மாறிக்கொண்டிருந்தால் கம்பியின் நீளத்தை மாற்றியதால் மின்னோட்டம் மாறியதா, கலம் சோர்ந்ததால் மாறியதா என்று பிரித்தறிய இயலாது. எனவே அவர் மின்கலத்தை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப இரட்டையை (இரு உலோகங்கள் சேரும் சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) பயன்படுத்தினார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்ததால் மின்னழுத்தம் நிலையாக நின்றது. 1827இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. மின்மூலம் நிலையாக இல்லாமல் எடுத்த அளவீட்டை நம்பக் கூடாது என்னும் பாடம் இன்றைய ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை எவ்வளவு? மல்டிமீட்டர் அதையே காட்டுமா?

1000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 52.9 ஓம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பெட்டியின் வெப்பக் குமிழை உயர் நிலையில் வைத்து, பிளக்கின் இரு பெரிய பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் இதற்கு நெருங்கிய எண்தான் தெரியும். உள்ளிருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை வெப்பத்தால் மிகக் குறைவாகவே மாறும் என்பதே இதற்குக் காரணம்.

இழை பல்பில் கதையே வேறு. 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 52,900 ÷ 60, அதாவது ஏறத்தாழ 882 ஓம். ஆறிய பல்பை அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவாகவோதான் காட்டும். பல்பு பழுதில்லை, மல்டிமீட்டரும் பழுதில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறுவதால் அதன் மின்தடை பல மடங்கு பெருகுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை ஆறியே இருக்கும் என்பதால் இயல்பான 0.26 ஆம்பியருக்குப் பதில் அதைப்போல் பத்து மடங்கு மின்னோட்டம் ஒரு கணம் பாய்கிறது; பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட சுவிட்சைப் போடும்போது "டப்" என்று போவதே மிகுதி என்பதன் காரணம் இதுதான்.

லோ வோல்டேஜில் 200 வோல்ட்தான் வருகிறது. 2000 வாட் கீசர் எத்தனை வாட் எடுக்கும்?

பலர் தகட்டிலிருந்து மின்னோட்டத்தை 8.7 ஆம்பியர் என்று கணக்கிட்டு, அதை 200ஆல் பெருக்கி 1,740 வாட் என்பார்கள். இது தவறு. 8.7 ஆம்பியர் என்பது 230 வோல்ட் இருக்கும்போது ஓடும் மின்னோட்டம். 200 வோல்ட்டில் அது குறைந்துவிடும். மாறாமல் நிற்பது கீசரின் மின்தடைதான். அது 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். எனவே 200 வோல்ட்டில் மின்னோட்டம் 7.56 ஆம்பியர், மின்திறன் 1,512 வாட். மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைய, மின்திறன் 24 விழுக்காடு குறைகிறது.

இதன் விளைவைக் குளியலறையிலேயே காணலாம். 15 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1,884 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. 2000 வாட்டில் இதற்கு 16 நிமிடம் போதும்; 1,512 வாட்டில் 21 நிமிடம் ஆகும். ஆனால் செலவாகும் மின்சாரம் இரு நிலையிலும் ஏறக்குறைய அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். லோ வோல்டேஜால் கீசருக்கு ஒரு கேடும் இல்லை.

அப்படியானால் லோ வோல்டேஜில் மோட்டார் மட்டும் ஏன் எரிந்துபோகிறது?

கீசருக்குச் சொன்ன கணக்கை மோட்டாருக்குச் சொல்ல முடியாது என்பதே முதல் விடை. கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ ஓடும் பம்புசெட் மோட்டார், நீரைத் தூக்கும் வேலைக்கு வேண்டிய மின்திறனை எப்படியாவது எடுத்துக்கொள்ள முயல்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் அது மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது.

ஐந்து குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் அதன் தண்டில் கிடைப்பது 3,730 வாட். பயனுறுதிறன் (எடுக்கும் மின்திறனில் வேலையாக மாறும் பங்கு) 85 விழுக்காடு என்று கொண்டால் அது மின் இணைப்பிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 4,390 வாட். மும்முனையில் மின்திறன் என்பது 1.732, முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாகும் பங்கு) ஆகிய நான்கின் பெருக்கல் பலன். 415 வோல்ட், திறன் காரணி 0.85 என்றால் மின்னோட்டம் 7.2 ஆம்பியர். மற்றவை மாறாமல் மின்னழுத்தம் மட்டும் 350 வோல்ட்டாக இறங்கினால் மின்னோட்டம் 8.5 ஆம்பியராகிவிடும்.

1.3 ஆம்பியர்தானே கூடியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. காயிலில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வெப்பம் 40 விழுக்காடு கூடிவிடுகிறது. சூடேறிய செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்வதால் வெப்பம் மேலும் பெருகுகிறது. கம்பிகளின் மேலுள்ள வார்னிஷ் பூச்சு கருகியதும் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. பிறகு மறுபடி காயில் கட்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு பருவத்து நீர்ப்பாய்ச்சல் நடுவில் நின்றுபோவது எத்தகைய இழப்பு என்பதை விவசாயிகள் அறிவார்கள். ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயைத் தகட்டில் உள்ள ஆம்பியருக்குச் சரியாக வைப்பதும், அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக அளவைக் கூட்டிவிடாமல் இருப்பதும் மிக முக்கியம்.

மோட்டார் காயிலின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, அதைக்கொண்டு மின்னழுத்தத்தை வகுத்து மின்னோட்டத்தைக் காண முயல்பவர்களும் உண்டு. விடை பொருந்தாத அளவுக்குப் பெரிதாக வரும். சுழலும் மோட்டார் எதிர் மின்னழுத்தம் ஒன்றைத் தானே தோற்றுவிக்கிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதுதான். மோட்டார் சுழலத் தொடங்கும் முன் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகையால்தான் தொடங்கும்போது இயல்பைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை மின்னோட்டம் பாய்கிறது.

மின்தடை கூடினால் மின்திறன் கூடுமா, குறையுமா? இரண்டு வாய்பாடுகளும் முரண்படுகின்றனவே?

முரண்பாடு இல்லை. எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டில் எல்லாச் சாதனங்களும் பக்க இணைப்பில் 230 வோல்ட்டுக்கு இடையே இருப்பதால் மின்னழுத்தம் மாறாது. அங்கே மின்தடை குறைந்த சாதனமே அதிக மின்திறன் எடுக்கும். தொடரிணைப்பில் எல்லாப் பகுதிகளிலும் ஒரே மின்னோட்டம் ஓடும். அங்கே மின்தடை மிகுந்த பகுதியிலேயே அதிக மின்திறன் செலவாகும்.

40 வாட், 100 வாட் இழை பல்புகள் இரண்டையும் தொடரிணைப்பில் 230 வோல்ட்டுடன் இணைத்தால் இது கண்ணுக்குத் தெரியும்: 40 வாட் பல்பு எரியும், 100 வாட் பல்பு மங்கிக் கிடக்கும். அவற்றின் மின்தடைகள் 1,322.5 ஓம், 529 ஓம். இவை மாறாதவை என்று கொண்டால் மின்னோட்டம் 0.124 ஆம்பியர், முதல் பல்பில் 20.4 வாட், இரண்டாவதில் 8.2 வாட். உண்மையில் வேறுபாடு இதைவிடப் பெரிது. 100 வாட் பல்பின் இழை போதிய சூடேறாததால் அதன் மின்தடை 529 ஓமைவிட மிகவும் குறைந்து, அதன் பங்கு இன்னும் சுருங்கிவிடுகிறது. தேர்வில் முதல் கணக்கை எழுதினால் போதும். ஆனால் ஆய்வகத்தில் எண்கள் பொருந்தவில்லை என்று மாணவர் கேட்டால் இரண்டாவது விளக்கத்தை ஆசிரியர் தவறாமல் சொல்ல வேண்டும்.

வயரின் மின்தடை மிகச் சிறியது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து கீசர் 20 மீட்டர் தொலைவில் இருந்தால் போகவும் வரவும் சேர்த்து வயரின் நீளம் 40 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் மின்தடை கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம் என்பதால் 40 மீட்டருக்கு 0.3 ஓம். 8.7 ஆம்பியர் ஓடும்போது வயரில் இழக்கப்படுவது 2.6 வோல்ட், வெப்பமாவது 22 வாட். அதே இடத்தில் 1 சதுர மி.மீ. வயரைப் போட்டால் மின்தடை 0.72 ஓம், இழப்பு 6.3 வோல்ட், வெப்பம் 55 வாட். சுவருக்குள் பைப்பில் அடைபட்டிருக்கும் வயரில் இந்த வெப்பம் வெளியேற வழி குறைவு. இரண்டு வயருக்கும் உள்ள விலை வேறுபாட்டைப் பார்த்துத் தடிமனைக் குறைப்பது எந்த வகையிலும் சரியான சிக்கனம் அன்று.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. வயரில் வெப்பமாகும் மின்திறனைக் காண 230 வோல்ட்டின் இருமடியை வயரின் 0.3 ஓமால் வகுத்துவிடுகிறார்கள்; விடை 1,76,000 வாட்டுக்கு மேல் வரும். 230 வோல்ட் முழுவதும் அந்த வயரின் இரு முனைகளுக்கு இடையே இல்லை. அங்கே இருப்பது 2.6 வோல்ட் மட்டுமே. வயருக்கு மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கும் வாய்பாடே எளிது, ஏனெனில் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் நமக்கு நேரடியாகத் தெரியும்.

பிளக் மட்டும் சூடாகிப் பழுப்பேறுவது ஏன்?

பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் பிடிப்புத் தளர்ந்தாலோ கரி படிந்தாலோ அங்கே ஒரு சிறு மின்தடை உருவாகிறது. அது அரை ஓம் என்றால், 8.7 ஆம்பியரில் 8.7 × 8.7 × 0.5, அதாவது 38 வாட் வெப்பம் ஒரு பட்டாணி அளவு இடத்தில் உண்டாகிறது. கடைகளில் விற்கும் சாதாரணச் சால்டரிங் அயர்னின் திறனே 25 வாட்தான். ஈயத்தை உருக்க அது போதுமானது. பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பாகி, வளைந்து, கருகும் நாற்றம் வருவதில் வியப்பில்லை. மின்னோட்டம் இயல்பைவிடக் கூடாததால் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழுப்பேறிய சாக்கெட்டை உடனே மாற்றுவதும், கீசரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் செருகுவதும்தான் தீர்வு.

ஆய்வகத்தில் அம்மீட்டரையும் வோல்ட்மீட்டரையும் எப்படி இணைப்பது?

அம்மீட்டர் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டர் பக்க இணைப்பிலும் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. வோல்ட்மீட்டரை மின்தடையாக்கிக்கு மட்டும் குறுக்கே இணைப்பதா, அம்மீட்டரையும் சேர்த்துக் குறுக்கே இணைப்பதா என்பதில்தான் ஐயம் எழுகிறது.

மின்தடை சிறியதாக இருந்தால் முதல் முறையே சரி. 10 ஓம் மின்தடையாக்கியை அளக்கும்போது 0.5 ஓம் உள்தடை கொண்ட அம்மீட்டரையும் சேர்த்துக்கொண்டால் விடை 10.5 ஓம் என வரும்; ஐந்து விழுக்காடு பிழை. மின்தடை மிகப் பெரியதாக இருந்தால் இரண்டாம் முறை நல்லது. 1 மெகா ஓம் மின்தடையாக்கிக்கு மட்டும் குறுக்கே, 10 மெகா ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் வோல்ட்மீட்டரை இணைத்தால், மின்னோட்டத்தின் ஒரு பகுதி வோல்ட்மீட்டர் வழியே சென்றுவிடும், விடை 0.91 மெகா ஓம் ஆகிவிடும்.

மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துச் சுவர் சாக்கெட்டில் நுழைப்பது மிகுந்த ஆபத்தானது. அந்த நிலையில் மீட்டரின் மின்தடை ஓமின் ஒரு சிறு பின்னமே. அது நேரடி ஷார்ட் சர்க்யூட்டாகிவிடும். மின்சாரம் இருக்கும் சுற்றில் ஓம் நிலையிலும் அளக்கக் கூடாது.

எல்.இ.டி. பல்பு 0.07 ஆம்பியர் எடுக்கிறது. 230ஆல் பெருக்கினால் 16 வருகிறது. அட்டையில் 9 வாட் என்று போட்டிருக்கிறதே?

மாறுதிசை மின்சாரத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமலும் ஒரே வடிவில் இல்லாமலும் இருக்கலாம். அப்போது இரண்டின் பெருக்கல் பலன் வோல்ட் ஆம்பியர் மட்டுமே. அதைத் திறன் காரணியால் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். இங்கே 9ஐ 16.1ஆல் வகுத்தால் திறன் காரணி 0.56. வீட்டு மீட்டர் வாட்டைத்தான் கணக்கிடுகிறது; ஆகவே கட்டணத்தில் கவலை இல்லை. இந்த பல்புக்கு 230 ÷ 0.07 என்று ஒரு மின்தடையைக் கணக்கிடுவதில் பொருளே இல்லை, ஏனெனில் உள்ளிருப்பது ஒரு மின்னணுச் சுற்று.

எல்.இ.டி.யுடன் தொடரில் எவ்வளவு மின்தடை போட வேண்டும்?

சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் மூலத்தில் மீதி 10 வோல்ட் மின்தடையாக்கிக்கு இடையே விழுகிறது. 20 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் 10 ÷ 0.02 = 500 ஓம். 12ஐ 0.02ஆல் வகுத்து 600 ஓம் என்பது தவறு. மின்தடையாக்கியில் வெப்பமாவது 0.2 வாட், கால் வாட் வகை தாங்கும் என்றாலும் அரை வாட் வகையே நீடித்து உழைக்கும். கடையில் 500 ஓம் கிடைக்காது. 510 அல்லது 560 ஓம் வாங்கலாம்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் சாதனத்தை இங்கே அடாப்டர் பிளக் மாட்டிப் பயன்படுத்தலாமா?

ஹேர் டிரையர், ரொட்டி டோஸ்டர் போன்ற சூடாக்கும் சாதனமாயின் கூடவே கூடாது. 120 வோல்ட், 1200 வாட் சாதனத்தின் மின்தடை 12 ஓம். 230 வோல்ட்டில் அது 19 ஆம்பியரும் 4,400 வாட்டும் எடுக்க முனையும். சில நொடிகளில் கம்பி எரிந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை. மடிக்கணினி, கைபேசி சார்ஜர்களில் "100–240 வோல்ட்" என்று அச்சிட்டிருந்தால் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வாட்டிலிருந்து யூனிட்டை எப்படிக் காண்பது?

வாட்டை மணியால் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 75 வாட் மின்விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட்; 60 நாள் கணக்கில் 54 யூனிட். குறைந்த மின்திறனில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. வகை விசிறியாயின் 21.6 யூனிட்.

தொலைதூரத்துக்கு மின்சாரத்தை ஏன் உயர் மின்னழுத்தத்தில் அனுப்புகிறார்கள்?

கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். அனுப்பும் மின்திறன் குறையக் கூடாது என்றால் மின்னழுத்தத்தைக் கூட்டுவதே வழி. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகலூருக்கு 1,700 கிலோ மீட்டருக்கும் மேல் நீளும் நேர்திசை மின்தொடர் 6,000 மெகாவாட் கொண்டுவர வல்லது. ஒரு கம்பித்தொகுதி நிலத்தைவிட 800 கிலோ வோல்ட் மேலும், மற்றொன்று 800 கிலோ வோல்ட் கீழும் இருப்பதால் இடையிலுள்ளது 1,600 கிலோ வோல்ட். மின்னோட்டம் 3,750 ஆம்பியர். இதையே 230 வோல்ட்டில் அனுப்ப வேண்டுமானால் 2.6 கோடி ஆம்பியர் தேவைப்படும்.

மனித உடலின் மின்தடையைக் கணக்கிட முடியுமா?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. உலர்ந்த தோல் பல ஆயிரம் ஓம் வரை தடுக்கலாம். ஈரமான தோலில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ 1000ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்; இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்க இது தாராளமாகப் போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த மின்னோட்டம் பொருட்டே அன்று, ஆகவே எம்.சி.பி. இருக்கிறதே என்று ஈரக் கையுடன் சுவிட்சைத் தொடக் கூடாது.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. அது போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, இடையில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீ விபத்தைத் தவிர்ப்பதற்கானவை, ஆளைக் காக்க அவை போதா. அதன் முகப்பிலுள்ள "டெஸ்ட்" பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்; அழுத்தியும் விழாத கருவியை மின்பணியாளரைக் கொண்டு உடனே மாற்றிவிட வேண்டும்.